ஏழு நிமிடம் முந்திய படபடப்பு

தொண்ணூறுகளின் கடைசியில் மூன்று மாதம் என் நெஞ்சு என்னைப் பாடாய்ப் படுத்தியது. கார்டன் ரீச் அலுவலகத்தில் கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு துடிப்பு தவறும். அடுத்தது உள்ளிருந்து குத்துவதுபோல் மோதும். ஒவ்வொரு முறையும் நாட்குறிப்பில் மணியோடு எழுதினேன்.

"நீ எழுதி எழுதியே அதை வரவழைக்கிற" என்றார் கணவர்.

ரத்தப் பரிசோதனையிலும் எக்கோவிலும் குறையில்லை. அப்படியானால் எல்லாம் என் கற்பனைதானா? அது தெரியாமல் எனக்கு நிம்மதியில்லை.

டாக்டர் என் இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டச் சொன்னார். வாக்மேன் அளவு; உள்ளே கேசட்; மார்பில் ஒட்டிய ஒயர்கள். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும். கூடவே ஓர் அட்டை: என்ன செய்தேன், என்ன சாப்பிட்டேன், எப்போது படபடத்தது என்று எழுத வேண்டுமாம். என்னிடம் போய்!

அன்று பார்த்து அது வரவேயில்லை. அலுவலக மாடிப்படியை இரண்டு முறை ஏறி இறங்கினேன். ம்ஹூம். மாலையில் டீக்காரர் "சா" என்று மண் குவளையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பாதி குடித்திருப்பேன். வந்தது! மணி 4.17. சந்தோஷமாக எழுதினேன்.

நான்காம் நாள் டாக்டர் துடிப்பு பதிந்த தாளை விரித்தார். அவர் வங்காளி; அக்கா என்பதைத் திதி என்பார். "திதி, 4.17-ல ஒண்ணுமே இல்லையே. நல்லாத்தான் துடிக்குது."

என் முகம் சூடானது. கூட வந்திருந்த கணவர் மின்விசிறியைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. வீடு இருந்த டாலிகஞ்சில் காலை பஸ்ஸைத் தவறவிடாதிருக்க என் கைக்கடிகாரத்தை எப்போதும் ஏழு நிமிடம் கூட்டி வைத்திருப்பேன்.

"டாக்டர், 4.10 பாருங்க!"

அவர் பேனா பின்னால் நகர்ந்து நின்றது. "அரே, இதோ!"

சீரான கோடுகளுக்கு நடுவே ஒன்று அவசரமாக முன்னால் வந்திருந்தது. பிறகு ஒரு சின்ன இடைவெளி. மூன்று இடத்தில். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"முந்திக்கிட்டு வர்ற துடிப்பு. உங்களுக்கு இதுல ஆபத்தில்ல" என்றவர் அட்டையை மேலிருந்து படித்தார். "காலையில காபி ரெண்டு, ஆபீஸ்ல சா நாலு... ஆறா, திதி! ரெண்டோட நிறுத்துங்க. படபடப்பு வந்தா உட்கார்ந்து மெதுவா மூச்சு விடுங்க. மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தா மட்டும் உடனே வந்துடணும்."

வாசலுக்கு வந்ததும் கணவர், "உன் வாட்ச் புத்திதான் உன் நெஞ்சுக்கும்" என்றார்.

"எழுதி எழுதியே வரவழைக்கிறேன்னு சொன்னது யாராம்?"

"சரி, சரி. வா, ஒரு சா குடிப்போம்."

"இன்னிக்கு ரெண்டு ஆயிடுச்சு" என்றேன்.