எங்கள் கதவில் இன்னொருவர் திறப்பு

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய குளிர்நாட்டில், ஒரு பனிக்காலச் சனிக்கிழமை. அம்மாவும் நானும் மத்தியானச் சோற்றுக்கு இருக்கிற நேரம், யாரோ எங்கள் வீட்டுக் கதவில் திறப்பைப் போட்டுத் திருகுகிற சத்தம் கேட்டது. அப்பா வேலையில். அம்மா அகப்பையோடு போய்க் கதவைத் திறந்தார். வெளியே வெள்ளைப் பருத்திச் சால்வையால் தலையை மூடிய ஒரு ஆபிரிக்க ஆச்சி. காலில் வீட்டுச் செருப்பு, கையில் திறப்பு. எங்களைப் பார்த்தார், கதவு இலக்கத்தைப் பார்த்தார், பிறகு ஏதோ ஒரு பாஷையில் பொரிந்து தள்ளத் தொடங்கினார். கோபமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை.

அம்மா அவரை உள்ளே இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். பொலிசுக்கு ரெலிபோன் அடிப்போம் என்றேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

"யூனிபோம் போட்ட ஆக்களைக் கண்டால் மனுசி பயந்து ஏங்கிப்போகும். நாலாம் மாடி அங்கிளைக் கூட்டிக்கொண்டு வா. ஆபிரிக்கா ஆள்தானே, பாஷை தெரியும்" என்றார் அம்மா.

இதே அம்மாதான், எங்கள் பாஷையும் அதுதான் என்று நினைத்துக் குஜராத்திக்காரர் வீட்டுக்கு மொழிபெயர்க்க வரச்சொல்லிக் கட்டட மனேஜர் கூப்பிட்டபோது, "எங்கள் எல்லாரையும் ஒரு கோழிக்கூட்டுக்குள்ளை அடைச்சுப்போட்டான்" என்று ஒரு கிழமையாகப் புறுபுறுத்தவர்.

நாலாம் மாடி அங்கிள் கானாக்காரர். வந்து மரியாதையாகக் குனிந்து, தன் ட்வி மொழியில் இரண்டு வசனம் சொன்னார், அம்மாவின் மனம் நோகக்கூடாது என்று. பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், இவவின் ஊர் எங்கேயோ, என் ஊர் எங்கேயோ, என் ஊரிலேயே ஆற்றுக்கு அந்தப் பக்கத்தார் பேசுவது எனக்கு விளங்காது என்றார். அம்மாவுக்குச் சொன்னேன்.

"அப்ப இவர் என்னத்துக்கு வந்தவர்?" என்றார் அம்மா, அவருக்கும் தேத்தண்ணி ஊற்றியபடி.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுச் சோமாலி அன்ரி வந்தார். சால்வைக் கரையையும் கழுத்துச் சிலுவையையும் பார்த்துவிட்டு, இவர் எங்கள் ஆள் இல்லை, எரித்திரியா என்றார். கீழ்மாடியில் டக்ஸி ஓடுகிறவர் எத்தியோப்பியர், அவரைக் கூப்பிடு. எத்தியோப்பியரோடு சண்டை பிடித்துப் பிரியும்வரை, இவர்களுடைய ஊரில் பள்ளிக்கூடமும் அரசாங்கக் கந்தோரும் கனகாலம் அவருடைய பாஷையில்தான் நடந்தன, கட்டாயம் விளங்கும் என்றார்.

டக்ஸிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மெதுவாக, தன் பாஷையான அம்ஹாரிக்கில் கேட்டார். அதுவரை வாய் ஓயாத ஆச்சி வாயை மூடிக்கொண்டார். இன்னொருமுறை கேட்டார். ஆச்சி கோப்பையை மேசையில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அவவுக்கு விளங்குது," என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார் அவர். கோபித்த மாதிரித் தெரியவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அம்மா வாசல்வரை போய் வழியனுப்பினார்.

கடைசியில் சோமாலி அன்ரிதான் அரபில் ஒரு கேள்வி போட்டுப் பார்த்தார். அவருடையது சவூதியில் வீட்டுவேலை செய்து பொறுக்கிய அரபு. ஆச்சியுடையது சூடான் அகதி முகாமில் பொறுக்கியது. இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத பாஷையில் விசயம் வெளியே வந்தது. குப்பை போட இறங்கினாராம். திரும்பி வந்தால் அதே மாடி, அதே இலக்கம், திறப்பு மட்டும் திரும்பவில்லை. உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள். என் மகளை எங்கே துரத்தினீர்கள் என்றுதான் அவ்வளவு நேரமும் எங்களை ஏசிக்கொண்டிருந்திருக்கிறார்.

கார்கள் நிற்கிற இடத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் கட்டடத்தை அச்சாக உரித்து வைத்த இன்னொரு கட்டடம் இருந்தது. வந்த புதிதில் அப்பாவும் ஒருநாள் அங்கே போய் ஆரோ வீட்டுக் கதவைத் தட்டினவர்தான். ஆச்சியை அம்மாவின் குளிர்ச்சட்டையால் போர்த்திக் கூட்டிப்போனோம். அதே மாடியில், அதே இலக்கக் கதவடியில், மகள் அழுதுகொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது அம்மாவைக் கேட்டேன்: "டக்ஸி அங்கிள் நல்லாத்தானே கேட்டவர். விளங்கியும் ஏன் பேசாமல் இருந்தவ?"

"விளங்கினபடியாத்தான்."

அம்மா கலியாணத்துக்கு முன்பு கொழும்பில் கனகாலம் வேலை செய்தவர். சிங்களம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. அடுத்த மாதம் மரக்கறிக் கடையில், கத்தரிக்காய் தெரிவுசெய்துகொண்டு நின்ற ஒருவர் சிரித்த முகத்தோடு சிங்களத்தில் ஏதோ கேட்டார். "சொறி, நோ இங்கிலிஷ்" என்றுவிட்டு, அம்மா என் கையைப் பிடித்து விறுவிறென்று நடந்தார். அந்த மனிதர் இங்கிலிஷில் கேட்கவே இல்லையே அம்மா என்று சொல்லிச் சொல்லி, நான் வீடு வரும்வரை சிரித்தேன்.