பின்னால் கட்டிய இரண்டாவது கோச்

ஒரு டிராக்டருக்குப் பின்னால் எத்தனை டிரெய்லர் கட்டலாம் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். கட்டுவது பெரிய காரியமே இல்லை. கொக்கியும் அதில் செருக ஒரு கம்பியும் இருந்தால் தென்காசியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் கட்டிக்கொண்டே போகலாம். எப்படி நிறுத்துவது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. மேலகரத்தில் பல வருடமாக டிரெய்லர் செய்து கொடுக்கிறேன். இந்தப் பக்கம் செங்கலும் நெல்லும் ஏற்றிப் போகிற டிரெய்லர்களில் முக்கால்வாசி என் கை வெல்டிங். ஆகவே இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

என் தங்கையின் வீட்டுக்காரர் வளைகுடாவில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்ததும் சூட்கேஸ் பீரோவின் மேலே ஏறிவிடும். மறுபடி போவதற்குத்தான் அது இறங்கும். தங்கை வீட்டைப் பெருக்கித் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பாள், அந்தச் சூட்கேஸையும் பீரோவின் மேற்பக்கத்தையும் மட்டும் தொடமாட்டாள். அதன்மேல் தூசி ஏறிக்கொண்டே இருந்தால் அவருக்குக் கிளம்புகிற நினைப்பு வராது என்று அவளுக்கு ஒரு கணக்கு. போன தடவை வந்தபோது, அந்த வருடக் குற்றால சீசனுக்குள் இங்கே பிழைக்க ஒரு வழி தெரிந்துவிட்டால் இனி விமானம் ஏறப்போவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். வழி தெரியாவிட்டால் வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட்டுக்குப் போன் போட்டாக வேண்டும். தங்கை அன்றிலிருந்து சீசனைத்தான் சாமியாகக் கும்பிட்டாள்.

அவருக்குத் தோன்றிய வழி குழந்தைகள் ரயில். பழைய குற்றாலம் போகிற வழியில் ஒருவர் தென்னந்தோப்புக்குள் அறைகள் கட்டி சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அந்தத் தோப்புக்குள்ளேயே ஒரு சின்ன டிராக்டரில் ரயில் பெட்டி மாதிரி ஒன்றை மாட்டிப் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டலாம் என்று பேச்சு. தோப்புக்காரரும் சரி என்றார். பெட்டியை நான்தான் செய்தேன். ஜன்னல், பெஞ்சு, வளைவான கூரை, ஏறுவதற்குத் தாழ்வான படி, நீலப் பெயின்ட். நானே சொல்லக் கூடாது, உண்மையான ரயில்வேக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். மாப்பிள்ளை அதைக் கோச் என்றுதான் சொன்னார், எங்களுக்கும் அதுவே வாயில் நின்றுவிட்டது.

பூஜை போட நாள் பார்த்தார்கள். அன்று காலையில் நான் பட்டறையைக் கழுவிவிட்டுக் காத்திருந்தால், டிராக்டருக்குப் பின்னால் நான் செய்த கோச், அதற்குப் பின்னால் இன்னொரு கோச். மாப்பிள்ளை சிவகிரியில் ஒரு பட்டறையில் எனக்குத் தெரியாமல் செய்து வாங்கியிருக்கிறார். இரண்டிலும் தமிழிலும் மலையாளத்திலும் எழுத்து, வாழைக்கன்று, சாமந்தி மாலை. தோப்புக்குள் ஒரு கோச் சுற்றி என்ன கிடைத்துவிடும், கூட்டமெல்லாம் ரோட்டில்தானே நடக்கிறது, மேலகரத்திலிருந்து மெயின் அருவி வரைக்கும் ரோட்டிலேயே ஓட்டப்போகிறேன் என்றார். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியாகிவிட்டது, தேங்காயும் உடைத்தாகிவிட்டது. எங்கள் ஊரில் இதுதான் வழக்கம். முதலில் பூஜை, பிறகுதான் பேப்பர். பூஜை போட்ட வண்டியைத் திருப்பினால் ஆகாது என்று எவருக்கும் அதற்கப்புறம் சட்டம் கண்ணில் தெரியாது.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. தங்கை பட்டுச்சேலை கட்டி நின்றதால் அடக்கிக்கொண்டு, ரோட்டில் இது கூடாது என்று மட்டும் சொன்னேன்.

"ஏன் மச்சான், சிவகிரி பக்கம் ரெண்டு டிரெய்லர் மாட்டி கரும்பு இழுக்காவளே. அவங்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?"

"மாப்ள, கரும்பு கவுந்தா அது கரும்பு. ஊரான் புள்ளையள் கவுந்தா யார் வீட்டு வாசல்ல போயி நிப்பீய?"

அவர் நம்பவில்லை. வண்டி ஆய்வாளர் ஒருவர் எனக்குப் பழக்கம், என் டிரெய்லர்களைப் பார்த்து அனுமதிக்கிறவர். அவருக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தேன். ரோட்டில் எவனோ ஓட்டுகிறான் என்பதால் ஓட்டலாம் என்று ஆகிவிடாது என்று அவர் ஆரம்பித்தார். பின்னால் மாட்டுகிற ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் வேண்டும், ஒன்றுக்கு மேல் என்றால் நீளம், எடை, பிரேக் எல்லாம் பார்த்துத்தான் பேச்சு, டிரெய்லரில் ஆளை உட்கார வைத்து ரோட்டில் இழுப்பதற்குப் பேச்சே கிடையாது என்றார். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் திரும்பியும் பார்க்கமாட்டான் என்றும் சொன்னார். மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்வது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டறைக்குப் பின்னால் குளத்துக்கு இறங்குகிற மண்பாதை இருக்கிறது, பூஜைக்காக அதிலாவது ஒரு நடை ஓட்டலாமே என்றாள். அவளே பின் கோச்சில் கடைசி ஜன்னலோரம் உட்கார்ந்து வருவாளாம், அங்கேதான் காற்று நன்றாக வருமாம். ஓட்டலாம், ஆனால் ஆள் ஏறக் கூடாது என்றேன். ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டைகளைத் தூக்கி பெஞ்சுகளில் வைத்தேன். அவள் கேட்ட ஜன்னலோரத்திலும் ஒன்று வைத்தேன். அவள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

அன்று காலையிலிருந்தே சாரல். மாப்பிள்ளை ஓட்டினார், நான் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்தேன். சமதளத்தில் ஒழுங்காக வந்தது. இறக்கத்தின் பாதியில், பிரேக்கை மிதியுங்கள் என்றேன். மிதித்தார். டிராக்டர் நிற்கப் பார்த்தது. பின்னால் இருந்த இரண்டுக்கும் பிரேக் கிடையாது, தோப்புச் சமதரைக்குப் போதும் என்று நானும் வைக்கவில்லை, அவை எதற்கு நிற்க வேண்டும்? முன் கோச் எங்களை முட்டித் தள்ளியது. பின் கோச் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு, முடியாமல் ஒரு பக்கமாகத் திரும்பி, ஈர மண்ணில் வழுக்கிப் போய்ப் பனையில் மோதிச் சாய்ந்தது. கடைசி ஜன்னல் வழியாக மூட்டை வெளியே விழுந்து கிழிந்தது. வேகம் என்று சொன்னால் சிரிப்பார்கள், சைக்கிள்கூட முந்தியிருக்கும்.

தங்கை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். கொட்டிக் கிடந்த மணலைப் பார்த்தபடி நின்றாள்.

"அண்ணே, அது நா உக்காருதேன்னு கேட்ட எடம்லா."

மாப்பிள்ளை டிராக்டரிலிருந்து இறங்கவே இல்லை. உட்கார்ந்தபடியே, ஒரே ஒரு கோச்சை வைத்துக் குடும்பம் ஓடாது, ஏஜென்ட்டிடம் பேசிவிடுகிறேன் என்றார். தங்கை பட்டுச்சேலையோடு ஈரத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது, சட்டமும் என் பக்கம்தான். ஆனால் அழுதது என் தங்கை. சொல்வதைச் சொல்லியாகிவிட்டது என்று கையைத் தட்டிவிட்டுப் போகிறவன் அல்ல நான்.

சாய்ந்து கிடந்த கோச்சைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சிவகிரி வேலை, மோசமில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இதை இழுக்கக் கூடாது, அவ்வளவுதானே? நிற்கக் கூடாது என்று யார் சொன்னது? அன்றைக்கே சக்கரத்தைக் கழற்றினேன். ஒரு பக்கத்து ஜன்னல்களை வெட்டி ஒன்றாக்கி, மடக்குப் பலகை வைத்தேன். உள்ளே அடுப்பு மேடை, புகை போகக் குழாய். தோப்புக்காரரிடம் பேசி, அவர் வேலிக்கு உள்ளேயே கேட்டை ஒட்டி இறக்கி வைத்தேன். முன் கோச்சுக்கு பிரேக்கும் வைத்துக்கொடுத்தேன்.

சாரல் விழ விழ பஜ்ஜிக்குக் கூட்டம் கூடும் என்று குற்றாலத்துக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கை சக்கரமில்லாத கோச்சுக்குள் நின்று பஜ்ஜி போட்டாள், மாப்பிள்ளை தோப்புக்குள் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டினார். பஜ்ஜிக்கு வந்தவர்களின் பிள்ளைகள் ரயிலுக்கு அழுதன, ரயிலில் இருந்து இறங்கிய பிள்ளைகள் பஜ்ஜிக்கு அழுதன. ஆனாலும் ஏஜென்ட்டுக்கு என்ன பதில் சொன்னார் என்று மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. கேட்பதற்குத் தங்கைக்குப் பயம். எனக்கும்தான்.

சீசன் முடியப்போகிற ஒரு மதியம், மழையில் கூட்டம் நெருக்கியது. வெங்காயம் தீர்ந்துவிட்டது, பாவூர்சத்திரத்திலிருந்து அவர் நேற்று எடுத்துவந்தது வீட்டில் இருக்கிறது, ஒரு நடை போய் எடுத்து வா அண்ணே என்று தங்கை சாவியைக் கொடுத்தாள். எங்கே வைத்திருக்கிறது என்று கேட்டதற்கு, அவரே நேற்று எதிலோ கொட்டி வைத்தார், போய்ப் பார் என்றாள்.

அடுப்படியில் சாக்கு எதுவும் இல்லை. அறைக்குள் போனேன். பீரோவின் மேலே சதுரமாக ஒரு இடம் மட்டும் தூசியில்லாமல் இருந்தது. கீழே ஜன்னலோரம், காற்றுப்படும்படி, சூட்கேஸ் வாயைத் திறந்து கிடந்தது. மூடியின் திருகாணிகளைக் கழற்றி, அதைத் தனியாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். உள்ளே விளிம்பு வரைக்கும் வெங்காயம்.