அண்ணையின் மோட்டார்ஹோமுக்குச் சுடுதண்ணீர்

எனக்கு வாய் முந்திக்கொள்ளும், யோசனை ஆறுதலாகப் பின்னால் வரும். இது என் மனைவி என்னைப் பற்றிச் சொல்வது. அவள் சொல்வதில் பிழை இல்லை. என் வாய் முந்திக்கொண்ட ஒரு மதியத்தையும், மூன்று வருடம் கழித்து நான் ஒரு தண்ணீர்த் தொட்டியோடு மல்லுக்கட்டிய சில நாட்களையும் எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே இரண்டறை வீட்டில் இருந்தோம். நான், மனைவி, என் அண்ணை. அண்ணை கலியாணம் கட்டவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து என்னை இங்கே கூப்பிட்டு எடுத்தவர் அவர்தான். ஒரு பேக்கரியில் அவருக்கு வேலை. விடியுமுன் போய், மதியம் தலையெல்லாம் மாவாக வருவார். வந்ததும் குளியலறைக்குள் போனால் அரை மணித்தியாலம். கிணற்றில் அள்ளி அள்ளி வார்த்துப் பழகிய உடம்புக்கு ஐந்து நிமிடக் குளிப்பு எந்த மூலைக்கு? அவர் வெளியே வரும்போது சுடுதண்ணீரும் முடிந்திருக்கும். எனக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட். ஒரு மாசி மாதக் குளிரில், உடம்பெல்லாம் சவர்க்காரத்தோடு நான் நிற்க, ஷவரில் ஐஸாகத் தண்ணீர் கொட்டியது.

துவாயைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து கத்தினேன்.

"அண்ணை, இது என்ரை வீடு. மற்ற ஆக்களுக்கும் சுடுதண்ணி மிச்சம் வையுங்கோ!"

இரண்டாவதை மட்டும் சொல்லியிருக்கலாம். முதலாவது வேண்டாத சொல். அதுவும் என்னை இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டவரிடம். அண்ணை "சரி தம்பி" என்றார், அவ்வளவுதான். நான் வேலை முடிந்து வந்தபோது அவருடைய பெட்டி வீட்டில் இல்லை.

வால்தம்ஸ்டோவில் மன்னார்க்காரர் ஒருவர் கராஜ் வைத்திருந்தார். அண்ணைக்குப் பழக்கமானவர். அவருடைய வளவில் ஒரு பழைய மோட்டார்ஹோம் விற்பனைக்கு நின்றது. ஒரு பெரிய வாகனத்துக்குள் கட்டில், அடுப்பு, அலுமாரி அளவில் ஒரு குளியலறை, எல்லாம் இருக்கும். அண்ணை அதை வாங்கி, அந்த வளவிலேயே நிறுத்தி, அதற்குள் குடியிருந்தார். அது ஒருநாளும் ஓடி நான் காணவில்லை.

கலியாண வீடுகளில் சந்திப்போம். குளிரைப் பற்றிக் கதைப்போம். போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று மனைவி சொல்லிக் களைத்துப்போனாள். கேட்க வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதும் பொய், அது திமிர்தான்.

மூன்றாம் வருடம் அண்ணைக்கு நெஞ்சுவருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை கிடந்தார். ஒரு வெள்ளிக்கிழமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். திங்கட்கிழமை அவரை அனுப்பலாமாம். ஆனால் அவர் இருக்கும் இடத்தில் சூடும் சுடுதண்ணீரும் கட்டாயம் இருக்க வேண்டுமாம். நான் கட்டிலடிக்குப் போய், "எங்கடை வீட்டை வாங்கோ அண்ணை" என்றேன்.

"வேண்டாம் தம்பி. உனக்கு ஷிப்ட் இருக்கு. சுடுதண்ணி காணாமல் போயிடும்."

அவர் குத்திக்காட்டவில்லை. அது அவருடைய குணமே இல்லை. உண்மையாகவே எனக்குத் தண்ணீர் போதாது என்றுதான் யோசித்திருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருக்கு எதிரே அழக்கூடாது என்று வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். கராஜ்காரர் வண்டியைத் திறந்துவிட்டார்.

"இதிலை சுடுதண்ணி வந்து ஒரு வருசத்துக்கு மேலை" என்றார். "கேத்திலிலை கொதிக்க வைச்சு, வாளியிலை கலந்துதான் குளிக்கிறவர். நான் பாத்துத் தாறன் எண்டா, உங்களுக்கேன் கரைச்சல் எண்டுவார்."

கேத்திலின் மூடியைத் திறந்தேன். அடியில் விரல் தடிப்பில் வெள்ளைப் படை. லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கொதிக்கக் கொதிக்கப் படியும். ஷவரில் அரைவாசிக்கு மேல் துளைகள் அடைபட்டிருந்தன. தண்ணீர் சூடாக்கும் பெட்டியிலிருந்து வரும் குழாயைக் கராஜ்காரர் கழற்றிக் காட்டினார். பெருவிரல் போக வேண்டிய ஓட்டையில் ஒரு நெருப்புக்குச்சிகூடப் போகாது. ஒரு வருடமாக அண்ணை கேத்திலும் வாளியுமாகக் குளித்திருக்கிறார், அரை மணித்தியாலம் குளிக்கிற மனிதர்.

"சிப்ஸ் கடைக்காரன் எனக்குத் தெரிஞ்சவன்" என்றார் கராஜ்காரர். "நாளைக்கு ஒரு பெரிய கான் வினாகிரி வாங்கி வாறன். ஊத்திப்போட்டு ஒரு இரவு விட்டா எல்லாம் கரைஞ்சிடும். திங்கள் காலமை சுடுதண்ணி வரும். அதுவரைக்கும் ஒண்டிலையும் கை வையாதை."

அவர் சொன்னபடி பொறுத்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

எனக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தானுக்குச் சுண்ணாம்புத் தண்ணீரைப் பற்றி மன்னார்க்காரரா பாடம் எடுப்பது? ஊரில் எங்கள் வீட்டுக் கேத்திலிலும் சின்ன வயதிலிருந்து பார்த்த படைதானே இது. வெள்ளிக்கிழமைகளில் மனைவி குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் தேய்ப்பாள். எவ்வளவு களிம்பு இருந்தாலும் பொன்னாகப் பளபளக்கும். விளக்குக்குச் சரி என்றால் குழாய்க்குச் சரிவராதா? நேரே அப்டன் பார்க்குக்குப் போய், நாலு பைக்கற் பழப்புளி வாங்கி வந்தேன். அண்ணையின் வாளியிலேயே கரைத்து, கையால் பிழிந்து, வண்டியின் தண்ணீர்த் தொட்டிக்குள் ஊற்றி, பம்பைப் போட்டேன். பம்ப் ஒரு நிமிடம் முனகியது. பிறகு சத்தமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, அதற்குப் போட்ட கோட்டோடு, கையில் வினாகிரிக் கானோடு கராஜ்காரர் வந்தார். வண்டிக்குள் ஏறியவர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன தம்பி, ரசமே வைச்சனீ?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். புளியின் தும்பும் சக்கையும் வடியில், பம்பில், குழாய் வளைவுகளில் எல்லாம் போய் இறுகியிருந்தன. பம்ப் எரிந்துவிட்டது. "எல்லாத்தையும் கழட்ட வேணும்" என்றார். என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை நான் நர்ஸுக்குப் போன் பண்ணி, சுடுதண்ணீர் இன்னும் வரவில்லை என்றேன். வந்ததும் சொல்லுங்கள் என்றாள். வேலைக்கு லீவு போட்டேன். ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, தும்பைக் கம்பியால் இழுத்து எடுத்து, வினாகிரியில் ஊறப்போட்டோம். நுரைத்து நுரைத்து முட்டைக்கோது போல வெள்ளைத் துண்டுகள் கழன்று விழுந்தன. செவ்வாய் முழுக்க அதே வேலை. புதன் மதியம் வேறொரு வண்டியில் கழற்றிய பம்பைக் கொண்டுவந்து கராஜ்காரர் பூட்டினார். பின்னேரம் காஸைப் பற்றவைத்துக் காத்திருந்து ஷவரைத் திறந்தேன். முதலில் இருமியது. மண்ணிறமாக வந்தது, தெளிந்தது, பிறகு சுட்டது. கை சிவக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருக்கலாம். நேரே போய் என் வாயால் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "வந்து எவ்வளவு நேரமெண்டாலும் குளியுங்கோ அண்ணை." மூன்று வருடமாகக் கேட்காத மன்னிப்பை அந்த ஒரு வசனத்தில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அண்ணை விடியற்புறம் நித்திரையிலேயே போய்விட்டார்.

எங்கே இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை நம்புகிறேன். ஆனால் நான் கை வையாமல் இருந்திருந்தால் அந்த மூன்று நாளும் அவர் தன்னுடைய வண்டியில், சுடச்சுடக் குளித்திருப்பார். அதை எந்த டாக்டராலும் எனக்கு ஆறுதல் சொல்லித் தீர்க்க முடியாது.

செத்தவீட்டுக்குச் சனம் நிறைய வந்தது. கொள்ளி வைக்கிற கடமை என்னுடையது. இங்கே நெருப்பு இல்லை, ஒரு பொத்தான்தான். அமத்தினேன். எரித்துவிட்டு வந்தால் தலைமுழுகாமல் வீட்டுக்குள் எதையும் தொடுவதில்லை. தூரத்திலிருந்து வந்த சொந்தக்காரர் எல்லாரும் எங்கள் குளியலறை வாசலில் வரிசையாக நின்றார்கள். அவர்கள் முதலில் குளிக்கட்டும் என்று நான் படிக்கட்டில் நின்றேன். கடைசியில் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, சுடுதண்ணி முடிஞ்சுது. கொஞ்சம் பொறுங்கோ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கீழே கராஜ்காரர் காருக்குப் பக்கத்தில் நின்றார். அவர்கள் சமயத்தில் இந்தத் துடக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் எதுவும் சொல்லாமலே கதவைத் திறந்துவிட்டார். வால்தம்ஸ்டோவுக்குப் போனோம். வண்டிக்குள் ஏறிக் காஸைப் பற்றவைத்தேன். அண்ணையின் சவர்க்காரம் தட்டில் காய்ந்து கிடந்தது. அவருடைய துவாய் கொக்கியில் தொங்கியது. அந்த அலுமாரிக்குள் தோள் இடிக்க நின்று ஷவரைத் திறந்தேன். எல்லாத் துளையிலும் தண்ணீர் வந்தது, நல்ல சூட்டோடு. அவருக்காகத் திருத்திய தண்ணீரில், அவரை எரித்துவிட்டு வந்த நான்தான் முதலில் குளிக்கிறேன் என்று நினைத்து, வாய்விட்டு அழுதேன். தலை நனைந்ததும் ஷவரைப் பூட்டிவிட்டேன்.

கராஜ்காரர் வெளியே நின்றார். "என்ன தம்பி, கெதியா வந்திட்டாய். சுடுதண்ணி முடிஞ்சுதோ?"

"இல்லை அண்ணை" என்றேன். "மிச்சம் வைச்சிருக்கிறன்."