ஏல மணலில் ஜிம்மி

டீக்கடைக் கண்ணாடிப் பாட்டிலின் மூடியைத் திறந்தால் ஒரு வாசனை வரும், வறுத்த மாவும் சர்க்கரையும் கலந்த 'பொறை' ரொட்டியின் வாசனை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கருவாட்டு வாடை வீசுகிற எங்கள் குப்பத்தில் அந்த ஒரு மூலையில்தான் மூக்குக்கு வேறு வேலை கிடைக்கும். பொறையை அப்படியே கடித்தால் பல் வலிக்கும், டீயில் கொஞ்சம் கூடுதலாக நனைத்துவிட்டால் கரைந்து கிளாசுக்கு அடியில் போய்விடும். பிள்ளைகளே, அந்தப் பொறையால்தான் எங்கள் ஜிம்மி எங்களோடு தங்கியது என்றால் சிரிப்பீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

சாந்தோம் பக்கம் கடலை ஒட்டியது எங்கள் குப்பம். அப்பாவை நாங்கள் 'நைனா' என்போம், அவர் படகில் போவார். அம்மா ராஜா அண்ணாமலைபுரம் வரை தெருத்தெருவாக நடந்து மீன் விற்பார். வீட்டில் நான், எனக்கு மூத்தவள் ஸ்டெல்லா அக்கா, அப்புறம் ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கிற செவலை நாய் ஜிம்மி.

அப்போதெல்லாம் மீன் ஏலம் வெறும் மணலில்தான் நடக்கும். படகு கரை ஏறியதும் தார்ப்பாயில் மீனைக் கொட்டிவிட்டு, சுற்றி நின்று விலை கேட்பார்கள். ஒருநாள் காலை ஜிம்மி அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, பக்கத்துத் தெரு ரோசம்மா அத்தை வீட்டுப் படகில் வந்த வஞ்சிரம் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. நான் தொண்டை கிழியக் கத்தியும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தை ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் பஞ்சாயத்து ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. நாயைக் கட்டி வை, இல்லையென்றால் ஊரை விட்டு அனுப்பு என்றார்கள்.

வீட்டுக்கு வந்த நைனா ஜிம்மியைச் சங்கிலியில் கட்டினார். மாதா கோயில் திருவிழாவுக்கு அப்போதுதான் கொடி ஏற்றியிருந்தார்கள், அதை இறக்குவது பத்து நாள் கழித்துத் திருவிழா முடியும்போது.

"கொடி எறங்கறதுக்குள்ள இது கூப்ட்டா வரணும். இல்லாங்காட்டி கிண்டிக்கு, சித்தப்பா பட்டறைக்கு அனுப்பிருவேன். அங்க கேட்டாண்ட கெடக்கட்டும்."

அந்தப் பட்டறையை நான் பார்த்திருக்கிறேன். இரும்புத் தூளும் சத்தமும்தான் அங்கே உண்டு, ஓடுவதற்குப் பிடி மணல் கிடையாது. அன்று ராத்திரி ஜிம்மியின் சங்கிலிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்தேன்.

மறுநாளே அக்காவும் நானும் அதைப் பழக்க ஆரம்பித்தோம். கிழிந்த வலையிலிருந்து எடுத்த நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டி, மணலில் விட்டுவிட்டு, ஒரு மீன் தலையைக் காட்டிக் கூப்பிட்டோம். மோந்து பார்த்துவிட்டு ஜிம்மி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கரை நெடுகிலும் மீனே கிடக்கிற ஊரில் மீனைக் காட்டி நாயைக் கூப்பிட்ட புத்திசாலிகள் நாங்கள்தான். பிறந்ததிலிருந்து கண்ணுக்கு மீனே தெரிந்தால் கைக்கும் மீன்தானே வரும்?

பொறையைக் கண்டுபிடித்தது தற்செயல். அலுத்துப்போய் டீக்கடை வாசலில் நான் பொறை தின்றுகொண்டிருந்தபோது ஜிம்மி என் கையையே பார்த்துக்கொண்டு எச்சில் ஒழுக நின்றது. கடைக்காரரிடம் கேட்டதில், பாட்டில் அடியில் சேரும் உடைசலை எல்லாம் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டார்.

ஆனாலும் 'ஜிம்மி' என்றால் அது வரவில்லை. வராததற்குக் காரணம் சொன்னவள் ஸ்டெல்லா அக்கா. தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் சும்மாவே அந்தப் பேரைச் சொல்கிறார்கள், நாமும் கட்டிப்போடவும் குளிப்பாட்டவும் அடிக்கவும்தான் கூப்பிடுகிறோம், அந்தப் பேரைக் கேட்டு அது ஏன் வரவேண்டும் என்றாள். அதனால் நாயைக் கூப்பிட யாரும் எடுக்காத ஒரு சத்தத்தை, ரயில் விளையாட்டில் விடுவோமே 'கூ...' என்று, அதை ஜிம்மிக்கென்றே ஒதுக்கினோம். கூ என்றால் பொறை உண்டு, தடவிக்கொடுப்போம், உடனே மறுபடி விளையாட விட்டுவிடுவோம். எவ்வளவு கோபம் வந்தாலும் கூ சொல்லி அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது என்று அக்கா என்னிடம் மாதா மேல் சத்தியம் வாங்கினாள். துரத்தினால் அது விளையாட்டென்று நினைத்து இன்னும் ஓடுகிறது, நாம் எதிர்ப்பக்கம் ஓடினால் நம்மைத் துரத்திக்கொண்டு வருகிறது என்பதும் விழுந்து எழுந்து கற்றதுதான்.

வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன்மார் விடுவார்களா? "இன்னாடா, குயிலு குஞ்சு பொரிச்சிகிதா?" என்று ஒருவர் கேட்டால் இன்னொருவர் பதிலுக்குக் கூ என்பார், ஜிம்மி குழம்பிப்போய் நிற்கும். அக்கா நேரே போய் அவர்களிடம், எங்கள் நாய் ஊரைவிட்டுப் போய்விடும் அண்ணா என்று சொன்னாள். அதற்குப்பின் கேலி நின்றது. அது மட்டுமா, நாங்கள் பழக்கும் நேரத்தில் வேண்டுமென்றே குறுக்கே பந்து எறிந்தும் கோழியை விரட்டியும் ஜிம்மியைச் சோதித்தார்கள். வரவரக் கயிற்றை இழுக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது. ஆனால் ஏலம் நடக்கும் இடத்துக்கு மட்டும் நாங்கள் அதைக் கூட்டிப்போகவில்லை. பயம்தான்.

கொடி இறங்குகிற நாள் காலை. கடையில் டீத்தூள் வாங்கி வரச் சொல்லி அம்மா அனுப்பினார், ஜிம்மியும் சங்கிலியோடு கூடவே வந்தது. உப்புக் காற்றில் துருவேறியிருந்த கொக்கி, ஏலச் சத்தம் கேட்டு அது எம்பிய எம்பலில் பட்டென்று விட்டது. ஒரே ஓட்டம். தார்ப்பாய் நிறைய வஞ்சிரம், அதற்குப் பின்னால் நின்றது அதே ரோசம்மா அத்தை. கூட்டம் விலகியது, அத்தை கூடையைத் தூக்கினார், படகோரம் நின்ற நைனாவின் முகம் கறுத்துப்போனது. நான் "ஜிம்மி" என்று கத்த வாயெடுத்தேன். எங்கிருந்தோ ஓடிவந்த அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பேர சொல்லாதடா. கூ குடு. குட்த்துட்டு ஓடு."

அதற்குள் ஜிம்மியின் வாயில் மீன். நான் அடிவயிற்றிலிருந்து ஒரு கூ விட்டேன், விட்டதும் முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் ஓடினேன். பின்னால் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. கரை முழுக்க 'ஓ' என்று ஒரு சத்தம் எழுந்தது, அடுத்த நொடி என் முழங்காலின் பின்பக்கத்தில் ஈர மூக்கு ஒன்று இடித்தது. வாய் காலி. மீனைத் தார்ப்பாயிலேயே போட்டுவிட்டு வந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். பையில் இருந்த பொறையெல்லாம் அதற்கே.

ரோசம்மா அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "என் வூட்டுக்காரரு கூட ஒரு கொரலுக்கு இப்டி வந்ததில்ல."

கரையே சிரித்தது, அவர் வீட்டுக்காரரும் சேர்ந்துதான். பஞ்சாயத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் அங்கேயே நின்றிருந்தார்கள், அவர்களும் சரியென்று தலையசைத்தார்கள். நைனா மெதுவாக நடந்து வந்தார், என் கையில் தொங்கிய சங்கிலியை வாங்கிப் படகுக்குள் எறிந்தார்.

"கிண்டிக்கு யாரும் போகல," என்றார்.

அன்று சாயங்காலம் கொடி இறங்கியபோது ஜிம்மி எங்கள் காலடியில் கட்டில்லாமல் உட்கார்ந்திருந்தது. வயசாகிக் கண் மங்கும்வரை அது அப்படித்தான் இருந்தது.

இப்போது அந்த மணல் இல்லை, அதன் மேல் தார் ரோடு வந்துவிட்டது. மீன் விற்பது கட்டடத்துக்குள், சிமெண்டு மேடையில். நைனாவும் இல்லை, அக்கா கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். நான் மின்சார வேலை பார்த்துக்கொண்டு வேறு பேட்டையில் குடியிருக்கிறேன். போன மாதம் என் பிள்ளைகளோடு மீன் வாங்கப் போனபோது, நரைத்துப்போன ரோசம்மா அத்தை என்னைக் கண் சுருக்கிப் பார்த்தார். என் பேர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மருமகளைத் தட்டி, "ஜிம்மிக்காரன் வந்துகிறான், நல்ல மீனா பாத்து எடு" என்றார். என் பிள்ளைகள் என்னை அண்ணாந்து பார்த்தார்கள்.