கூட்டத்தைப் பார்க்கிறவர்

இருபதுக்கு ஒன்பது. முந்தின நாள் சேலத்தில் பார்த்துவிட்டு வந்த படத்துக்கு, மே மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், நான் அவருடைய ஜீப்பில் போனபோது, சிங்கராயர் போட்ட மதிப்பெண் அது. "ஒம்பதாவது வளைவுல படுத்துருச்சுங்க. அதுக்கு மேல தள்ளிக்கிட்டேதான் வந்தானுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பை இரண்டாவது கியருக்கு மாற்றினார். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. படங்களை அளக்க அந்தப் பலகைகள் அவருக்குப் போதும். நான்காவது வளைவில் வாந்தி எடுத்த படங்கள் உண்டு. அடிவாரத்திலேயே டீசல் தீர்ந்தவையும் உண்டு. இருபதையும் ஏறி ஏரியைப் பார்த்த படம் என்று எதையும் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மஞ்சக்குட்டைக்கும் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கும் இடையில் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். வயது ஐம்பத்தேழு. முதல் டிரிப் காலை ஆறே முக்காலுக்கு. பின்னால் எட்டுப் பேர், முன்னால் மூன்று பேர், மேலே பீன்ஸ் மூட்டைகள். கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு அப்படியே பஸ் ஏறிச் சேலத்துக்கு இறங்குவார். தியேட்டரில் நடு இருக்கை கிடைத்தாலும் வேண்டாம் என்பார், முன்வரிசை ஓரம்தான் வேண்டும். இடைவேளையில் எதுவும் வாங்குவதில்லை. பாப்கார்ன் எடுக்கக் குனிகிற நேரத்தில் ஒரு ஷாட் போய்விடும் என்பது அவர் கணக்கு.

படத்தின் பெயரை அவர் சொல்லவே மாட்டார். "பேரு எதுக்குங்க? பேரை மாத்திப்புடுவானுங்க. மூஞ்சிய மாத்த முடியாதுல்ல?" ஆகவே அவர் வாயில் எல்லாம் லாரிப் படம், கோர்ட்டுப் படம், தண்ணித்தொட்டிப் படம்.

கதாநாயகனைப் பற்றியும் பேச மாட்டார். பெரிய நட்சத்திரம் முப்பது பேரைப் பந்தாடிய லாரிப் படத்தில் அவர் கவனித்தது அடி வாங்கியவர்களில் பதினோராவது ஆளை. "அடி விழறதுக்கு முன்னாலயே உளுந்துட்டானுங்க. காலையில சாப்பிடலையாட்ட இருக்குது." கோர்ட்டுப் படத்தில் நீலச் சேலை கட்டிய ஓர் அம்மாள் சாவு வீட்டில் அழுதார், கோர்ட்டில் உட்கார்ந்திருந்தார், கடைசியில் தேர் இழுக்கவும் வந்துவிட்டார். "அந்தம்மாதானுங்க ஊரு. அந்தம்மா லீவு போட்டிருந்தா அந்தப் படத்துல ஊரே இல்ல." தண்ணித்தொட்டிப் படத்தில், காதலர்கள் பிரிகிற இடத்தில், பின்னால் ஒருவன் காலி கிளாஸை ஊதி ஊதி டீ குடித்தான். அந்த ஒன்றுக்காக அதை ஆறாவது வளைவிலேயே இறக்கிவிட்டார்.

விருது வாங்கியதாகச் சொல்லப்பட்ட சின்னப் படம் ஒன்றில் ஒருவன் ஐந்து நிமிடம் நடந்து போய்க் கதவைத் திறக்கிறான். அதற்குள் நம்ம பின்சீட்டு முத்தாயி ஒரு கொடி மிளகு பறித்திருக்கும் என்று ஜீப்பில் சொல்லிச் சிரித்தார். ஆனாலும் பதினான்கு கொடுத்தார். ஓரத்தில் ஒரு கிழவர் ஆட்டை நிஜமாகவே கட்டத் தெரிந்து கட்டினார் என்பது காரணம். ஐந்து நண்பர்கள் மலை பங்களாவுக்குப் போய் நான்கு பேர் சாகிற படங்கள் எதுவும் அவரிடம் ஐந்தைத் தாண்டியதில்லை. கேமரா அப்படிக் குலுங்கினால் பேய்க்கே தலை சுற்றும் என்றார்.

குறைந்த செலவுப் படங்களில் அவர் மனம்விட்டுப் புகழ்ந்தது ஒன்றைத்தான். பாழடைந்த வீட்டில் ஒரு பேய், தண்ணீர் வராத குழாயடியில் இரும்பு வாளியோடு வரிசையில் நிற்கும். அதைச் சொல்லும்போது சிரிப்பு தாங்காமல் கரடியூர்ப் பிரிவில் ஜீப்பை ஓரங்கட்டியிருக்கிறார். பதினெட்டாவது வளைவு. அவர் கொடுத்ததிலேயே பெரிய எண்.

"படத்துக்குப் போயி கதாநாயகியப் பாக்காம கூட்டத்தப் பாக்கற ஒரே ஆம்பள நீதான்" என்று பின்சீட்டிலிருந்து முத்தாயி சொல்வார். மிளகுக் கொடி ஏறுகிற பெண்மணி, சிங்கராயரைவிட இரண்டு வயது மூத்தவர். சொல்லிவிட்டு அவரே பேச்சை மாற்றிவிடுவார். சிங்கராயர் ஏன் கூட்டத்தைப் பார்க்கிறார் என்பது முத்தாயிக்குத் தெரியும். அந்த ஜீப்பில் ஏறுகிற எல்லாருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில் எங்கேயோ சிங்கராயரின் மனைவி நிற்கிறார்.

2013 பிப்ரவரியில், காபிப் பழம் பறிப்பு முடிகிற சமயத்தில், ஒரு சின்னப் படக் குழு பதினொரு நாள் மலையில் தங்கியது. சாமான் ஏற்ற சிங்கராயரின் ஜீப்பை அமர்த்தினார்கள். நாயகன் யாரையோ தேடி மலைக்கு வருகிறான், பழம் பறிக்கிற பெண்ணிடம் வழி கேட்கிறான், அவள் கை காட்டுகிறாள். சொல்ல வேண்டியது ஒரே வரி: "அந்த மேட்டு வீடுதான்." பறிப்புக்கு வந்திருந்த இருபது பெண்களில் இயக்குநர் சிங்கராயரின் மனைவி ஜெயகுமாரியைத் தேர்ந்தெடுத்தார்.

சிக்கல் என்னவென்றால், எடுத்தது ஏற்காட்டில், கதை நடப்பது தேனிப் பக்கம். சேலத்துப் பேச்சு வரக் கூடாது. இரண்டு நாள் சாயங்காலம் சிங்கராயர் மனைவியை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தவர் என்பதால் அந்த உரிமை தனக்கு இருப்பதாக நினைத்தார். மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும், பட்டால்தான் 'வீ' வரும் என்று தன் உதட்டில் காட்டிக் காட்டிப் பழக்கினார். ஜெயகுமாரியும் அடுப்படியில் சரியாகச் சொன்னார்.

கேமரா முன்னால் ஏழு டேக்கிலும் ஒன்றுதான் வந்தது: "அந்த மேட்டு ஊடுங்க."

மூன்றாவது டேக்கில் குழுவினர் சிரித்தார்கள். ஐந்தாவதில் பறிக்கிற பெண்களும் சிரித்தார்கள். ஏழாவது முடிந்ததும் இயக்குநர், பரவாயில்லை, டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த ஷாட்டுக்கு நகர்ந்துவிட்டார். சிங்கராயரால் நகர முடியவில்லை. அத்தனை பேர் முன்னிலையில், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு வருகிற வார்த்தை உனக்கு வராதா என்று கேட்டார். ஜெயகுமாரி பழக்கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசைக்குத் திரும்பினார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது சொன்னதை சிங்கராயர் இன்றைக்கும் அதே குரலில் சொல்ல முயல்கிறார்: "நம்ம ஊட்ட நான் ஊடுன்னுதானுங்க சொல்லோணும்?"

படம் வரவில்லை. 2017 கார்த்திகை மழையில் மஞ்சள் காமாலை வந்து ஜெயகுமாரி போய்விட்டார். ரேஷன் கார்டில் ஒரு முகம், மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒரு பாதி முகம், கல்யாணப் படம் ஒன்று. அதுவரை சிங்கராயரிடம் இருந்தது பட்டன் போன், அதில் எதையும் பதிந்ததில்லை. குரல் எங்கேயும் இல்லை, அந்தப் படத்தைத் தவிர.

டப்பிங் என்றால் சென்னைக்குக் கூப்பிட்டு மறுபடி பேச வைப்பார்கள் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். கூப்பிடவில்லை. ஆகவே ஜெயகுமாரி சொன்னபடியே விட்டிருப்பார்கள் என்று நினைத்தார். சின்னப் படங்கள் பெயர் மாறி வரும், ஒன்றின் துண்டை இன்னொன்றில் ஒட்டுவதும் உண்டு என்று யாரோ சொன்னதிலிருந்து எதையும் விடாமல் பார்க்கத் தொடங்கினார். திட்டிய அந்த வார்த்தையை அந்தக் குரலில் ஒரு தடவை கேட்க வேண்டும். ஏழு வருடம் ஞாயிறுதோறும் சேலத்துக்கு இறங்கியது அதற்காக.

இந்த ஜூலையில் படம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் முகமது ஆசிக், சிங்கராயருக்காக யூடியூபில் பெயர் தெரியாத படங்களைத் தேடித் தருவது வழக்கம். அன்று ஒரு படத்தை ஓட்டிக்கொண்டே பில் போட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தார். பின்னணியில் ஒரு ஜீப். எண் பலகை தெரிந்தது. வெளியே ஆள் ஏற்றிக்கொண்டிருந்த சிங்கராயரின் ஜீப்பில் இருந்த அதே எண்.

சிங்கராயர் கடையில் நின்றபடியே பார்த்தார். ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடம். ஜெயகுமாரி நிமிர்ந்து, கையை மேட்டைப் பார்த்து நீட்டினார். நான்கு வினாடி. ஆசிக் ஒலியை முழுதும் ஏற்றியிருந்தார். "அந்த மேட்டு வீடுதான்யா" என்றது ஒரு குரல். தெளிவான, நன்றாகப் பழகிய, இளம் பெண் குரல்.

ஆசிக் அதற்குள் டீ சொல்லி அனுப்பியிருந்தார். சிங்கராயர் இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. பிறகு கேட்டார்.

"ஏனுங்க ஆசிக்கு, இது யாரு பேசறது?"

டீ வந்தது, ஆறிப்போனது.

பழைய விசிட்டிங் கார்டு ஒன்றை வைத்து அந்தப் படத்தின் உதவி இயக்குநரைப் பிடித்தார்கள். தினேஷ் என்று பெயர், இப்போது கல்யாண வீடியோ எடுக்கிறார். ஏழு டேக்கையும் அவர் மறந்திருக்கவில்லை. படப்பிடிப்பில் பேசியதையும் பதிவு செய்வது உண்டு, டப்பிங் பேசுகிறவர்கள் அதைக் கேட்டுத்தான் பேசுவார்கள் என்றார். பதிவு என்ற சொல்லைக் கேட்டதும் சிங்கராயர் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டதாக ஆசிக் சொல்கிறார். அப்படியானால் எங்கேயோ இருக்கிறது. விசாரித்துச் சொல்கிறேன் என்று தினேஷ் மூன்று நாள் அவகாசம் கேட்டார்.

நான்காம் நாள் தினேஷே கூப்பிட்டார். டப்பிங் முடிந்ததும் அந்த ஒலியை யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஹார்டு டிஸ்க்கை அழித்து அதே கம்பெனி அடுத்த படத்துக்கு எடுத்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்கிற தொனியில்தான் சொன்னார். சிங்கராயர் சண்டை போடவில்லை. அழித்துவிட்டு எந்தப் படத்தைப் போட்டார்கள் என்று மட்டும் கேட்டார்.

பாழடைந்த வீடு, குழாயடி, இரும்பு வாளியோடு வரிசையில் நிற்கிற பேய்.

"பதினெட்டு போட்டனுங்களே" என்றார் சிங்கராயர். தினேஷுக்கு அது புரியவில்லை. சிங்கராயரே போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்டில் நான் மறுபடி போனபோது ஜீப்பில் படப் பேச்சு இல்லை. பீன்ஸ் விலை, பள்ளிக்கூட பஸ், மழை என்று ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பி வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிடுகிறார். ஒரு காலையில் முத்தாயி முன்சீட்டில் ஏறிக்கொண்டு வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தார். தன் பேரன் போனில் ஒரு படம் பார்த்ததாகவும், அதில் மிளகுக் கொடியில் ஏறுகிற பெண் ஏணியைத் தலைகீழாகச் சாத்தியிருந்ததாகவும் சொன்னார்.

"எத்தன வளைவுய்யா குடுப்ப?"

முன்பு என்றால் அந்த ஏணியை வைத்தே பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டியிருப்பார். "தெரியலீங்" என்றார். கியரை மாற்றினார்.

மறுநாள் மஞ்சக்குட்டையில் முதல் டிரிப்புக்கு இன்னும் இரண்டு ஆள் சேர வேண்டியிருந்தது. சிங்கராயர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஆசிக் அந்த நான்கு வினாடியை மட்டும் தனியாக வெட்டி அதில் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஓட விடுவதற்கு முன் ஒலியைப் படிப்படியாக அழுத்தி, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்க. பல்லு உதட்டுல படவே இல்ல."

படவில்லை. கை மேட்டைக் காட்டியது. ஜெயகுமாரியின் உதடுகள் குவிந்தன, குவிந்தபடி ஒரு கணம் நின்றன, விரிந்தன. ஏழாவது டேக்கிலும் ஊடுதான்.

மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோய் ஓடவிட்டார். இந்தத் தடவை அவர் எனக்குக் காட்டவில்லை. போனை ஸ்டியரிங்குக்கு மேல் பிடித்துக்கொண்டு, அந்த இடம் வந்ததும் சத்தமில்லாமல் தன் வாயையும் அதேபோலக் குவித்தார். பின்னால் இரண்டு பேர் ஏறிக் கதவைத் தட்டினார்கள். போன் பைக்குள் போனது, வண்டி நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை சேலத்தில் மூன்று புதுப் படங்கள் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் ஒரு டிரிப் ஓட்டுவதாக மஞ்சக்குட்டையில் சொல்லி வைத்திருக்கிறார்.