சொந்தக் கிணற்றில் ஒரு வாளி

மீனலோசனிக்குக் கிடைத்த சீதனத்தில் உருப்படியானது ஒன்றே ஒன்று: நல்ல தண்ணீர்க் கிணறு. ஊர்காவற்றுறையில் அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் உவர். இது மட்டும் இளநீர் மாதிரி. சண்டைக் காலத்தில் காணியோடு சேர்ந்து அதுவும் இராணுவ முகாமுக்குள் போய்விட்டது. பிறகு முகாம்காரர் தங்கள் பிள்ளைகளுக்கென்று அதே காணியில் ஒரு பாலர் பள்ளி கட்டினார்கள். அந்தச் சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்க ஆள் தேடியபோது மீனலோசனி போய்ச் சேர்ந்தாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? “காணியைப் பிடிச்சவனுக்கே சேவகம் செய்யிறா” என்றது. சொல்லிவிட்டுப் போகட்டும்! வகுப்பு யன்னலால் கிணற்றைப் பார்க்கலாம். பார்க்கத்தான் முடியும். அது கம்பி வேலிக்கு அங்கால், படைக்குடும்பங்கள் குடியிருக்கும் பக்கம். அவளுக்கு அங்கே போக அனுமதியில்லை.

மகள் பிரியவதனிக்குக் கலியாணம் வந்தது. கலியாணத்தன்று காலை தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தோயவார்க்கிற குளிப்புக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும். மீனலோசனிக்கும், அவளுடைய தாய்க்கும் அதில்தான் வார்த்தது. கேட்டது ஒரே ஒரு வாளி.

வாசலில் காவல் நின்றவன் முகாம் கந்தோரில் கேட்கச் சொன்னான். கந்தோரில், முகாமுக்குப் பொறுப்பான பெரியவர் லீவு என்றார்கள். லீவால் வந்த பெரியவர் யோசிப்பம் என்றார். அப்படி என்னதான் யோசித்தாரோ, கலியாணத்துக்கு முதல்நாள்தான் கூப்பிட்டார். மேசையில் மூடி திறக்காத பெரிய தண்ணீர்ப் போத்தல். கழுத்தில் சிவப்பு ரிபன் வேறு!

“அக்கா, கிணறு தண்ணி நல்லம் இல்ல. கிருமி இருக்கு. இது மெஷின் தண்ணி. மகளுக்கு எங்கட பரிசு.”

மீனலோசனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சேர், எனக்குச் சுத்தமான தண்ணி வேண்டாம். என்ர தண்ணி வேணும்.”

“ஓம் ஓம், கொண்டு போங்க” என்று போத்தலை நீட்டிச் சிரித்தார் மனுசன். நல்ல மனுசன்தான், அதுதான் கரைச்சல். திட்டவும் ஏலாது.

மறுநாள் காலை போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“தண்ணிதானே அம்மா, ஊத்துங்கோ. நேரம் போகுது” என்றாள் பிரியவதனி.

ஊற்றினாள். வேறென்ன செய்வாள்?

கலியாணம் முடிந்து பள்ளிக்குப் போனபோது, குடியிருப்புப் பக்கமிருந்து குட்டி நிமேஷா ஓடி வந்தாள். வீடு, நாய், பந்து என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘எங்கட’ போட்டுப் பேச அவளுக்குப் பழக்கியது மீனலோசனிதான். நிமேஷாவின் கையில் தண்ணீர்ப் போத்தல்.

“டீச்சர், எங்கட கிணத்துத் தண்ணி! இனிப்பு! குடியுங்கோ!”

வசனத்தில் ஒரு பிழையில்லை. குழந்தை பாராட்டுக்காகக் காத்து நின்றது.

“கெட்டிக்காரி” என்றாள் மீனலோசனி. வாங்கிக் குடித்தாள். பாழாய்ப்போன தண்ணீர், அதே இளநீர் மாதிரித்தான் இருந்தது.