கம்பியில் குறைந்த மணி

பால்மாத் தகரப் பேணிக்குள் கண்ணாடி மணிகள் உருளும் சத்தம் கேட்டால் இந்த வயதிலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. வெள்ளவத்தையில் என் மாடிவீட்டுக்கு மேலே ஒரு பிள்ளை எதையாவது உருட்டினாலும் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவேன்.

கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில், காய்ச்சலால் ஒரு வருடம் பள்ளிக்கூடம் போகாத என் தங்கை ரீட்டாவை நேரே இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். கலியாணத்துக்கு முன் "மொன்டிசோரி" பாலர் பள்ளியில் படிப்பித்தவர் அவர். அறுந்துபோன தன் செபமாலையின் நீல மணிகளைக் கம்பித் துண்டுகளில் கோத்து, ஆறும் நாலும், ஏழும் மூன்றும் என்று பத்தாகும் சோடிகள் செய்து, ஒரு வெறும் பால்மாப் பேணிக்குள் போட்டு வைத்தார். "மாதா கோவிக்க மாட்டா, பிள்ளைக்குத்தானே" என்றார்.

ரீட்டாவுக்கு ஒரு பழக்கம். இரண்டு கம்பிகளையும் தொடுத்து வைத்து எண்ணி முடித்த பிறகும், நுனியில் வளைத்துவிட்ட வளையத்தைத் தொட்டு இன்னொன்று எண்ணுவாள். ஒவ்வொரு மாலையும் செபமாலை உருட்டிய விரல்கள் அவை. பத்துச் சிறுமணி முடிந்தால் ஒரு பெரிய மணி வந்தாக வேண்டும். ஆகவே ஆறும் நாலும் பதினொன்று. "திரும்ப எண்ணு மகள்" என்று குசினி அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும். அவள் சரியாகச் சொல்லும்வரை பக்கத்தில் இருப்பது என் வேலை.

ஒரு பின்னேரம், வாசலில் பந்தோடு நின்ற பெடியன்கள், "என்ன மச்சான், நீயும் பாலர் வகுப்போ?" என்று கேட்டார்கள். ரீட்டா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், நாலு கோத்த கம்பியின் வளையத்தை நிமிர்த்தி ஒரு மணியைக் கழற்றித் தெருவோரக் கழிவுநீர்க் கானுக்குள் எறிந்தேன். அவள் வந்து, வழக்கம்போல வளையத்தையும் சேர்த்து எண்ணி, "பத்து, அம்மா" என்றாள்.

"என்ட கெட்டிக்காரி" என்றார் அம்மா. நான் ஓடிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் சோதித்த நாளில் அம்மா அந்தப் பேணியைப் பெருமையோடு கொண்டுபோனார். ரீட்டா ஆறையும் நாலையும் வைத்து, பத்து என்றாள். ஆசிரியை தானும் எண்ணிப் பார்த்தார். "இது ஒன்பதெல்லோ, பிள்ளை?" அதன்பிறகு எதைக் கேட்டாலும் ரீட்டா வாய் திறக்கவில்லை, அழுதாள். அவளை முதலாம் வகுப்பில்தான் போட்டார்கள்.

"நான்தான் எண்ணாமல் கோத்திட்டன், மிஸ். பிள்ளையில பிழையில்ல" என்றார் அம்மா. கதவடியில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. அன்று மாலையே அம்மா எல்லாக் கம்பிகளையும் பிரித்து, மணிகளைப் பேணிக்குள் உருட்டிவிட்டு, திரும்பவும் செபமாலையாகக் கோத்தார். கடைசிப் பத்தில் ஒன்று குறைந்தது.

போன ஞாயிறு ரீட்டாவிடம் போய்ச் சொன்னேன். சிரித்தாள். "இதுக்கா அண்ணா பஸ் ஏறி வந்தனீங்க?" என்றவள், தேத்தண்ணிக் கோப்பையை என் முன் வைத்துவிட்டு, "அம்மாட்டயெல்லோ சொல்லியிருக்க வேணும்" என்றாள்.

அந்த வீடு இப்போது ஓர் இரும்புக்கடையின் களஞ்சியம். கானையும் கொங்கிறீற்றால் மூடிவிட்டார்கள். நீலச் செபமாலை அம்மாவின் கைகளில் சுற்றியபடியே மண்ணுக்குள் போய்விட்டது. ஒன்பதாவது மணிக்குப் பிறகு வெறும் கம்பியைத் தொட்டு அவர் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வதை, வருடக்கணக்காகப் பக்கத்தில் முழந்தாளிட்டுக் கேட்டிருக்கிறேன்.